ஊற்றிய பொட்டாசியம் எங்கே போனது?

அவைக்குத் தலைமை ஏற்று அமர்ந்து, என்னைப் பேச அழைத்த கையோடு கடிகாரத்தையும் பார்க்கத் தொடங்கிவிட்ட ஆய்வுக்கூடத்தின் இயக்குநர் ஐயா அவர்களே! எனக்கு முன்னால் பேசி, நான் பேச வைத்திருந்த நல்ல சொற்களையெல்லாம் தாமே பேசி முடித்துவிட்டு, ஒன்றுமே நடக்காதது போல உட்கார்ந்திருக்கும் பேராசிரியப் பெருந்தகைகளே! கண்ணாடிக் குழாயை உருக்கி, இழுத்து, முனை எங்கே இருக்கிறது என்று கண்ணுக்கே தெரியாத ஊசிகளாக்கித் தருவதால் இந்தக் கட்டடம் முழுவதும் ஊசிக்காரர் என்றே அழைக்கப்படும் அருமை அண்ணன் அவர்களே! நுண்ணோக்கியில் குனிந்து குனிந்து கழுத்து வலி வாங்கிய ஆய்வாளர்களே! அந்தக் கழுத்துக்குத் தைலம் தேய்த்துத் தேய்த்துக் கைவலி வாங்கிய அவர்தம் அன்னையரே! முன்வரிசையில் அமர்ந்து, "இழுக்காதே, சுருக்கமா பேசு" என்று கையால் சைகை காட்டிக்கொண்டிருக்கும், நான் கரம் பிடித்த என் கணவர் அவர்களே! மேடையின் ஓரத்து நாற்காலியில், யார் முகத்தையும் பார்க்காமல் தன் கைவிரலையே பார்த்துக்கொண்டிருக்கும், இன்றைய விழாவின் நாயகியே, என் நாத்தனாரே, எங்கள் வீட்டுப் பாப்பாவே! உங்கள் அனைவருக்கும் என் வணக்கம். பணிவான வணக்கம். பாசமான வணக்கம். அத்தோடு, பெருங்குழப்பத்தோடு கூடிய வணக்கம்.

ஆம், குழப்பம்தான். மறைக்க மாட்டேன். மேடையில் பேசுவது எனக்குத் தொழில். கடைத் திறப்பா, கூப்பிடுங்கள். கல்யாணமா, கூப்பிடுங்கள். கணவன் பெரியவனா மனைவி பெரியவளா என்ற வழக்கா, எந்தப் பக்கம் வேண்டும் என்று மட்டும் சொல்லிவிட்டுக் கூப்பிடுங்கள். எந்த மேடையிலும் எனக்கு நாக்கு குழறியதில்லை. இந்த மேடையில் குழறுகிறது. ஏனென்றால் எதற்காகப் பேசுகிறேன் என்றே எனக்கு விளங்கவில்லை.

இது பிரிவு உபசார விழா என்கிறார்கள். யார் பிரிகிறார்கள்? பாப்பா பிரிகிறாள். வயதாகி ஓய்வு பெறுகிறாளா? இல்லை. வேறு ஊருக்கு மாற்றலா? இல்லை. இயக்குநர் ஐயா ஏதாவது கடிந்து சொன்னாரா? ஐயா தலையை இந்த ஆட்டு ஆட்டுகிறார், பாவம், அவரும் இல்லை. பின்னே ஏன் போகிறாள்? கருவி விற்கும் கம்பெனி ஒன்றில் சேரப் போகிறாளாம். கருவியை வைத்து ஆராய்ந்தவள், இனி கருவியைக் காட்டி விற்கப் போகிறாளாம். நீங்கள் நாலு நல்ல வார்த்தை சொல்லி அனுப்பி வையுங்கள் என்று என்னிடம் சொன்னார்கள். சொல்லத்தான் வந்தேன். ஆனால் நடந்ததை முதலிலிருந்து நினைத்துப் பார்க்கப் பார்க்க, அனுப்பும் வார்த்தை ஒன்றுகூட வாயில் வர மாட்டேன் என்கிறது. ஆகவே நடந்ததைச் சொல்கிறேன். கேட்டுவிட்டு, இவள் போகலாமா கூடாதா என்று நீங்களே சொல்லுங்கள்.

அதற்கு முன்னால் இவள் இங்கே என்ன வேலை செய்கிறாள் என்று சொல்லியாக வேண்டும். சிரிக்கிறீர்கள். "நமக்கே நம் வேலையைச் சொல்லப் போகிறாளா?" என்று சிரிக்கிறீர்கள். உங்களுக்கு இல்லை ஐயா, உங்கள் அன்னையருக்கு! பிள்ளை எங்கே வேலை செய்கிறான் என்றால் "லேப்ல" என்பதற்கு மேல் ஒரு வார்த்தை சொல்லத் தெரியாத தாய்மார்கள் இங்கே எத்தனை பேர், கை தூக்குங்கள். அடடா! பார்த்தீர்களா? அவர்களுக்காகச் சொல்கிறேன். தப்பாகச் சொன்னால் பாப்பா திருத்துவாள். வீட்டிலும் அவள்தான் திருத்துகிறாள்.

நம் உடம்பு முழுக்கச் செல்கள். ஒவ்வொரு செல்லைச் சுற்றியும் ஒரு மெல்லிய சவ்வு. அந்தச் சவ்வெங்கும் கதவுகள். சோடியம், பொட்டாசியம் என்று மின்னேற்றம் பெற்ற துகள்கள், அயனிகள் என்பார்கள், அவை அந்தக் கதவுகள் வழியே போகின்றன, வருகின்றன. அந்தப் போக்குவரத்தில்தான் இதயம் துடிக்கிறது. அந்தப் போக்குவரத்தில்தான் கைகால் அசைகிறது. அந்தப் போக்குவரத்தில்தான் நான் பேசுகிறேன், நீங்கள் கொட்டாவி விடுகிறீர்கள்.

இந்தக் கதவுகளில் பொட்டாசியத்துக்கென்றே ஒரு கதவு. விசித்திரமான கதவு. உள்ளே வருவது எளிது, வெளியே போவது கடினம். ஒரே கதவு, ஒரே அகலம், பின்னே ஏன் இந்தப் பாகுபாடு? பூட்டு இருக்கிறதா? காவல்காரன் இருக்கிறானா? இதைக் கேட்டுக் கேட்டுத்தான் இவர்கள் துறையில் பலருக்குத் தலை நரைத்தது. விடை என்ன தெரியுமா? மெக்னீசியம்! செல்லுக்கு உள்ளே திரியும் மெக்னீசியம்!

புரியவில்லையா? எனக்கும் புரியவில்லை. பாப்பா படம் போட்டுக் காட்டினாள், புரியவில்லை. மாவு சலிக்கும் சல்லடையை வைத்துக் காட்டினாள், சல்லடைதான் போயிற்று. கடைசியில் என் கணவரின் பேருந்தில்தான் எனக்கு அது புரிந்தது. என் கணவர் பேருந்து நடத்துநர். கூட்டமான பேருந்தை நினைத்துக்கொள்ளுங்கள். உள்ளே, வாசலை ஒட்டி, நல்ல கனத்த உடம்புள்ள ஒருவர் நிற்கிறார். வெளியிலிருந்து ஆட்கள் ஏறும்போது அவரை உள்பக்கம் தள்ளிக்கொண்டே ஏறிவிடுகிறார்கள். அதே கூட்டம் உள்ளிருந்து இறங்க முண்டியடிக்கும்போது என்ன ஆகிறது? இறங்குகிற கூட்டமே அவரை வாசலுக்குள் தள்ளிவிடுகிறது. அவர் வாசலில் வசமாகச் சிக்கிக்கொள்கிறார். எவ்வளவு வேகமாகத் தள்ளுகிறார்களோ அவ்வளவு இறுக்கமாக அடைபடுகிறது வாசல். அந்த மனிதர்தான் மெக்னீசியம்.

என்னங்க? "என் பஸ்ஸை ஏண்டி வம்புக்கு இழுக்கறே?" என்கிறார் என் கணவர். உங்கள் பேருந்து அறிவியலுக்குப் பயன்பட்டதே என்று பெருமைப்படுங்கள். பாப்பாவும் ஏதோ சொல்கிறாள். சத்தமாகச் சொல்லு. "முழுசா அடைக்காது அண்ணி, கொஞ்சம் வெளியே போகும்" என்கிறாள். சரி. கொஞ்சம் போகும். போக வேண்டிய அளவு போகும். மிச்சம் உள்ளே தங்கும். எல்லாம் அந்த ஒருவர் வாசலில் நிற்பதால்.

சரி, அவர் இல்லையென்றால்? இதற்கு விடை தெரியாமல்தான் நாங்கள் மருத்துவமனையில் கிடந்தோம்.

என் கணவருக்குக் கால் இழுத்துப் பிடித்தது. வேலை அலுப்பு என்றார். கையில் பலம் போயிற்று. டிக்கெட் கொடுக்கும் கருவியே கனக்கிறது என்றார். நான் கேலி செய்தேன், "வீட்டுக் காய்கறிப் பையைத் தூக்காம இருக்க இதுவும் ஒரு சாக்கா?" என்றேன். பிறகு ஒரு முற்பகல், படிக்கட்டில் நின்று விசில் ஊதப் போனவருக்கு நெஞ்சு படபடவென்று அடித்து, விசில் வாயிலிருந்து விழ, இவரும் விழ, ஓட்டுநர் பேருந்தோடு, பயணிகளோடு, நேராக மருத்துவமனை வாசலில் கொண்டுபோய் நிறுத்தினார். அந்தப் பயணிகளில் யாராவது இங்கே இருந்தால், உங்கள் நிறுத்தத்தில் இறக்கிவிடாததற்கு இப்போது மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன்.

இரத்தத்தைச் சோதித்தார்கள். இதய மருத்துவர் நல்ல மனிதர், நிதானமானவர். "பொட்டாசியம் கம்மியா இருக்கும்மா. ஏத்திடலாம், பயப்படாதீங்க" என்றார். அப்பாடா என்று மூச்சு விட்டேன். குறைந்தால் ஊற்ற வேண்டும், ஊற்றினால் நிறைய வேண்டும். குடத்துக்கு அதுதான் கணக்கு, குடிக்கும் தண்ணீருக்கு அதுதான் கணக்கு. கைநரம்பில் பொட்டாசியம் ஏற்றினார்கள். மறுபடி சோதித்தார்கள். குறைவு! சிரப் கொடுத்தார்கள். குறைவு! வாழைப்பழம் கொடுக்கச் சொன்னார்கள். சீப்புச் சீப்பாகக் கொடுத்தேன். குறைவு! ஊற்றுகிறோம், காணவில்லை. ஊட்டுகிறோம், காணவில்லை. உள்ளே போவதைக் கண்ணால் பார்க்கிறோம், உள்ளே போய்ப் பார்த்தால் இல்லை. என்ன மாயம் இது? எந்த ஓட்டை வழியாக ஒழுகுகிறது?

மனம் குழம்பினால் புத்தி எங்கே போகும்? கட்டினவர் மேல்தான் போகும். எனக்குச் சந்தேகம் வந்தது.

"என்னங்க, உண்மையைச் சொல்லுங்க. சிரப்பை வாஷ்பேசின்ல ஊத்தறீங்களா?"

"ஏண்டி, நான் என்ன குழந்தையா?"

"பின்னே எங்கதான் போவுது அது?"

"என்னைக் கேட்டா? ஊத்தறவங்களைக் கேளு. நான் வெறும் பாத்திரம்."

நம்பவில்லை நான். அவர் குடிக்கும்போது பக்கத்தில் நின்று தொண்டை ஏறி இறங்குகிறதா என்று பார்த்தேன். அப்படி என்னதான் இருக்கிறது அதில் என்று ஒரு சொட்டு நாக்கில் விட்டும் பார்த்தேன். தாய்மார்களே, அதைக் குடித்துவிட்டு மனைவியிடம் மரியாதையாகப் பேசுகிற கணவன் கோடியில் ஒருவன். அன்று முதல் அவர் மேல் எனக்கு மதிப்பு கூடிவிட்டது.

சிரிக்கிறோம் இன்று. அன்று யாரும் சிரிக்கவில்லை. கட்டிலின் தலைமாட்டில் ஒரு திரை. அதில் இதயத்தின் கோடு. ஒழுங்காக ஓடிக்கொண்டே இருக்கும், திடீரென்று தடுமாறும், துள்ளும், ஒரு கணம் நின்று மறுபடி ஓடும். மணி அடிக்கும். செவிலியர்கள் ஓடி வருவார்கள். "நீங்க கொஞ்சம் வெளிய நில்லுங்கம்மா" என்பார்கள். அந்த வராந்தாவில் நின்ற நேரமெல்லாம் நான் பேச்சாளர் இல்லை. எனக்கு வாயே இல்லை. மருத்துவர் என்னைத் தனியாக அழைத்து, "இப்படியே போனா எப்ப வேணாலும் தாளம் தப்பலாம்மா. ஏன் தங்க மாட்டேங்குதுன்னு எங்களுக்கே பிடிபடலை" என்றார். வைத்தியரே குழம்பினால் வாசலில் நிற்பவள் என்ன செய்வாள்? பயந்தேன். இவர் இல்லாத வீட்டை நினைத்துப் பார்த்தேன். நினைக்கக் கூடாது என்று நினைத்துக்கொண்டே நினைத்தேன்.

பாப்பா தினமும் வேலை முடிந்ததும் வந்துவிடுவாள். அண்ணன் கால்மாட்டில் உட்கார்ந்து காலைப் பிடித்துவிடுவாள். சோதனை முடிவை வாங்கிப் பார்ப்பாள். பொட்டாசியம் என்ற வரியில் விரலை வைத்து, "இன்னும் ஏத்தச் சொல்லலாமா அண்ணி?" என்பாள். சொன்னோம். ஏற்றினார்கள். ஓடிவிட்டது.

அவையோரே, இங்கேதான் என் குழப்பத்தின் நடுமையம். பொட்டாசியத்தைத் தடுத்து நிறுத்துவது மெக்னீசியம் என்று தன் பாதி வாழ்க்கையைப் படித்தே கழித்தவள் அவள். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வாள். அவள் அண்ணன் உடம்பில் பொட்டாசியம் நிற்காமல் ஓடுகிறது. அவள் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறாள். அவளுக்குத் தோன்றவில்லை! எப்படித் தோன்றாமல் போகும்? படித்தவளுக்கே தோன்றாதா? பாசமுள்ளவளுக்கே தோன்றாதா? நான் பலமுறை யோசித்தேன். விடை இந்தக் கட்டடத்துக்குள்தான் இருக்கிறது, இவர்கள் வேலை செய்கிற விதத்தில் இருக்கிறது.

இவர்கள் என்ன செய்கிறார்கள் தெரியுமா? அதிராத மேசை, சுற்றிலும் கம்பிக் கூண்டு, நடுவில் நுண்ணோக்கி. ஊசிக்காரர் அண்ணன் இழுத்துத் தந்த கண்ணாடி ஊசிக்குள் ஒரு கரைசலை நிரப்புகிறார்கள். ஊசி முனையைச் செல்லின் மேல் மெல்ல வைத்து, குழாயை வாயில் வைத்து லேசாக உறிஞ்சுகிறார்கள். சவ்வு ஊசியோடு ஒட்டிக்கொள்கிறது. இன்னொரு சின்ன உறிஞ்சல். ஊசிக்கு நேரே இருக்கும் சவ்வு கிழிகிறது. உடனே ஊசியில் உள்ள கரைசலும் செல்லின் உள்ளே இருப்பதும் கலந்துவிடுகின்றன. அதாவது, ஊசியில் நீங்கள் எதை ஊற்றினீர்களோ அதுதான் இனி அந்தச் செல்லின் உள்ளம். பொட்டாசியம் ஊற்றுகிறார்கள். செல்லுக்கு எரிபொருளாக ஏ.டி.பி. ஊற்றுகிறார்கள். மெக்னீசியமும் ஊற்றுகிறார்கள். மறக்காமல், மாறாமல், எப்போதும் ஊற்றுகிறார்கள். ஆகவே இவள் பார்த்த எந்தச் செல்லிலும் மெக்னீசியம் இல்லாமல் இருந்ததே இல்லை. இவளே ஊற்றிவிடுகிறாளே! தன் கையால் ஊற்றுவதாலேயே, அது ஒருவர் உடம்பில் இல்லாமல் போகும் என்பது இவள் நினைப்பில் வரவே இல்லை. ஊற்றாதவளுக்கு ஒருவேளை சட்டென்று தோன்றியிருக்கலாம். அதோடு இவள் பார்த்துக்கொண்டிருப்பது இதயத்துச் செல்லின் கதவை. அண்ணனிடம் திறந்து கிடந்ததோ சிறுநீரகச் செல்லின் கதவு, ஊற்றிய பொட்டாசியமெல்லாம் சிறுநீரோடு ஓடிக்கொண்டிருந்தது. ஒரே குலத்துக் கதவுகள்தான், ஆனால் வேறு வீடு.

இப்போது ஊசிக்காரர் அண்ணனிடம் வருகிறேன். நெளியாதீர்கள் அண்ணே, உங்களைக் கும்பிடத்தான் வருகிறேன். ஒரு பிற்பகல் இந்த மாடியில் என்ன நடந்தது? செல்கள் சீக்கிரம் சோர்ந்துபோகின்றன என்று ஊசிக்காரர் அண்ணன் கவலைப்பட்டார். சோர்ந்தால் என்ன செய்வது, கொஞ்சம் கூடுதலாகத் தீனி போடுவோம் என்று கரைசலில் ஏ.டி.பி.யைக் கூட்டிவிட்டார். நல்லெண்ணம்! ஆனால் அந்த ஏ.டி.பி. இருக்கிறதே, அதற்கு மெக்னீசியம் என்றால் கொள்ளை ஆசை. கண்ட இடத்தில் கட்டிப்பிடித்துக்கொள்ளும். ஏ.டி.பி.யைக் கூட்டினால் மெக்னீசியத்தையும் கூட்ட வேண்டும். இவர் கூட்டவில்லை. புட்டியில் மெக்னீசியம் போட்டது போட்டபடி இருக்கிறது. ஆனால் பெரும்பகுதி ஏ.டி.பி.யின் பிடியில் மாட்டிக்கொண்டது. கதவருகே போய் நிற்க மெக்னீசியம் மிச்சமில்லை.

பாப்பா வந்து உட்கார்ந்தாள். மருத்துவமனை நினைப்பு, சரியான சாப்பாடு இல்லை. ஊசியை வைத்தாள், உறிஞ்சினாள், திரையைப் பார்த்தாள். வெளியே போகும் பக்கம் தாழ்ந்து கிடக்க வேண்டிய கோடு, விறுவிறுவென்று மேலே ஏறுகிறது. பொட்டாசியம் கொட்டுகிறது வெளியே. இன்னொரு செல். அதிலும் அப்படியே. வேறொன்று. அப்படியே! நாற்காலியைத் தள்ளிக்கொண்டு எழுந்தாள். அன்று இவள் போட்ட சத்தம் கீழ்த்தளம் வரை கேட்டது என்கிறார்கள்.

"சார், கரைசல்ல என்ன சார் பண்ணீங்க?"

"கொஞ்சம் ஏ.டி.பி. சேர்த்தேம்மா, அவ்வளவுதான்."

"மெக்னீசியம் சேர்த்தீங்களா?"

"அதுதான் ஏற்கெனவே இருக்கே?"

"எங்க சார் இருக்கு? எல்லாம் ஏ.டி.பி.கிட்ட போயிருக்கும். உள்ள மெக்னீசியம் இல்லாம பொட்டாசியம் எப்படி சார் தங்கும்? நீங்க எவ்வளவு ஊத்தினாலும் ஓடித்தானே போகும்!"

சொன்னாள். சொல்லிவிட்டு நின்றாள். வாய் திறந்தபடி நின்றாள். ஊசிக்காரர் அண்ணன் தாம் ஏதோ பெரிய தப்புச் செய்துவிட்டதாகப் பயந்து, "தண்ணி குடிம்மா" என்றாராம். இவள் கேட்கவில்லை. கையுறையோடு, வெள்ளைக் கோட்டோடு, படியில் இறங்கித் தெருவில் ஓடினாள். இன்றுவரை அந்தக் கோடு ஏன் அப்படி ஏறியது என்று குறித்து வைக்கவில்லை என்று இயக்குநர் ஐயாவுக்கு வருத்தம். மன்னியுங்கள் ஐயா, அன்று அவள் ஆய்வாளராக ஓடவில்லை, அண்ணனுக்குத் தங்கையாக ஓடினாள்.

வராந்தாவில் என்னைத் தாண்டிப் போனாள். "என்ன பாப்பா?" என்றேன். மருத்துவர் முன்னால் போய் மூச்சிரைக்க நின்று, "டாக்டர், மெக்னீசியம் பார்த்தீங்களா?" என்றாள். அவர் புருவத்தைச் சுருக்கினார். வழக்கமாகப் பார்க்கும் உப்புகளில் அது வராதாம், தனியாக எழுதிக் கொடுத்தால்தான் பார்ப்பார்களாம். அவர் மேசையில் ஒரு தட்டுத் தட்டி, "அட! படிச்சதுதானே இது!" என்றார். உடனே எழுதினார். பார்த்தார்கள். மெக்னீசியம் கிணற்றின் அடியில் கிடந்தது!

ஏன் குறைந்தது? அந்தக் கதையையும் கேளுங்கள். மருத்துவமனையில் சேர்த்த அன்றே மருத்துவர் என் கணவரிடம் கேட்டார், "தினமும் ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" இவர் சொன்னார், "ஒண்ணுமில்லீங்க." இப்போது பாப்பா வந்து குடைந்து குடைந்து கேட்டாள்.

"அண்ணா, காலைல எழுந்ததும் ஒண்ணு போடுவியே?"

"அது மாத்திரை இல்ல பாப்பா. அது நெஞ்செரிச்சலுக்கு."

கேட்டீர்களா! நேரத்துக்குச் சாப்பிட முடியாத வேலை. நெஞ்சு எரியும். பல் துலக்குவதற்கு முன்னால் அமிலத்தை அடக்க ஒன்று போட்டுக்கொள்வார். ஆண்டுக்கணக்காக. காபி குடிப்பது போல அதுவும் ஒரு பழக்கம், அவர் கணக்கில் அது மருந்தே இல்லை. அதை ஓயாமல் சாப்பிட்டால் சிலருக்கு உணவிலிருந்து மெக்னீசியத்தைக் குடல் சரியாக இழுத்துக்கொள்ளாதாம். அவசரப்பட்டு நாளைக்கே யாரும் மாத்திரையைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள், உங்கள் மருத்துவரைக் கேளுங்கள். நான் பேச்சாளர், வைத்தியர் இல்லை.

மெக்னீசியத்தை ஏற்றினார்கள். கூடவே பொட்டாசியம். நான் நகத்தைக் கடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சோதித்தார்கள். கொஞ்சம் தங்கியது! மறுபடி சோதித்தார்கள். இன்னும் தங்கியது! ஓடவில்லை, ஒழுகவில்லை, ஒளியவில்லை. ஊற்றியது உள்ளே இருந்தது. திரையில் அந்தக் கோடு தடுமாறாமல் ஓடியது. என் கணவர் தூங்கி விழித்ததும் முதலில் சொன்ன வார்த்தை, "அந்த சிரப்பை நிறுத்தச் சொல்லுடி." நான் அழுதேன். ஆமாம், கைதட்டாதீர்கள், மேடைக்காகச் சொல்லவில்லை. அந்தக் கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு, பக்கத்துக் கட்டில்காரர் எழுந்து பார்க்கும் அளவுக்கு அழுதேன்.

கதை இதோடு முடிந்திருந்தால் நான் இங்கே மகிழ்ச்சியாகப் பேசிவிட்டுப் போயிருப்பேன். முடியவில்லையே! அண்ணன் வீட்டுக்கு வந்து, நடந்து, வேலைக்கும் போகத் தொடங்கிய பிறகு, சமையலறையில் தம்ளர் கழுவிக்கொண்டே இவள் சொன்னாள்:

"அண்ணி, நான் போறேன்."

"எங்க, கடைக்கா? பால் வாங்கிட்டு வா."

"வேலையை விட்டுப் போறேன்."

"ஏன்?"

"என் வேலையே அதுதான் அண்ணி. அதைத் தவிர எனக்கு வேற எதுவும் தெரியாது. அண்ணன் அங்க கிடந்தான், நான் காலைப் பிடிச்சுட்டு உட்கார்ந்திருந்தேன். தோணல. வீட்டு மனுஷனுக்குத் தோணாத படிப்பு எதுக்கு?"

 வாயை விற்றுப் பிழைக்கும் நான், அவள் கையிலிருந்த தம்ளரை வாங்கிக் கழுவத் தொடங்கினேன். அவள் சொன்னதில் பொய் இல்லையே. தாமதம்தான். நான் இல்லையென்று சொல்ல மாட்டேன். அந்தத் தாமதத்தில் வராந்தாவில் நின்றது நான். எனக்கே இவள் மேல் கோபம் வந்தது. "கையில விளக்கை வச்சுக்கிட்டு இருட்டுல உட்கார்ந்திருந்தியே!" என்று உள்ளுக்குள் குமைந்தேன். பாப்பா, அதை உன்னிடம் சொல்லவில்லை. இத்தனை பேர் முன்னால் இப்போது சொல்கிறேன். கோபம் இருந்தது. இன்று இல்லை. எப்படிப் போயிற்று என்று கேட்காதே, அதுவும் எனக்கு விளங்கவில்லை.

ஆனால் நான் கேட்கிறேன், அவையோரே! யாருக்குத் தோன்றியது? ஊரெல்லாம் குழம்பிய நேரத்தில் யாருக்குத் தோன்றியது? மருத்துவருக்குத் தோன்றியதா? இல்லை! பழமும் கையுமாக வந்து பார்த்துவிட்டுப் போன உறவுக்காரர்களுக்குத் தோன்றியதா? இல்லை! ஊசிக்காரர் அண்ணனுக்குத் தோன்றியதா? அவர் தண்ணீர் கொடுத்தார்! எனக்குத் தோன்றியதா? மெக்னீசியம் என்று ஒன்று என் உடம்புக்குள் இருப்பதே எனக்குத் தெரியாதே! தோன்றியது ஒருத்திக்கு. திட்டும்போது தோன்றியது, திகைத்து நின்று தோன்றியது, தெருவில் ஓட வைத்துத் தோன்றியது. அந்தப் படிப்பை அவள் படித்திராவிட்டால், அந்தக் கோடு அன்று எவ்வளவு ஏறினாலும் அது வெறும் கோடுதானே? அந்தப் படிப்பா பயனில்லாத படிப்பு? அந்தப் படிப்பா வீட்டு மனுஷனுக்கு உதவாத படிப்பு? வீட்டு மனுஷன் இதோ முன்வரிசையில் உட்கார்ந்து என்னை முறைத்துக்கொண்டிருக்கிறாரே, இது யார் கொடுத்த முறைப்பு?

இருங்கள், இயக்குநர் ஐயா, முடித்துவிடுகிறேன். இறங்கும் முன் ஒரு சந்தேகம். பாப்பா, இது நிஜமான சந்தேகம். சொற்பொழிவுக்காகக் கேட்பது இல்லை. உன் அண்ணன் பேருந்தை ஓட்டுகிறாரே அந்த ஓட்டுநர், அன்று மருத்துவமனை வாசலில் கொண்டுவந்து நிறுத்தியவர், அவரும் அதே மாத்திரைதான். நேற்று விசாரித்தேன். அதே கடை, அதே அட்டை, உன் அண்ணனுக்கு முன்பிருந்தே சாப்பிடுகிறாராம். இரண்டு பேருக்கும் ஒரே பேருந்து, ஒரே வேளைகெட்ட சாப்பாடு, ஒரே நெஞ்செரிச்சல், ஒரே மாத்திரை. ஓட்டுநர் கல்லுக்குண்டு மாதிரி இருக்கிறார். நடத்துநருக்கு மட்டும் ஏன் மெக்னீசியம் வடிந்துபோயிற்று? எங்கே, அந்த ஒலிவாங்கியை அவளிடம் கொடுங்கள். சொல்லு பாப்பா.

"தெரியாது அண்ணி" என்கிறாள்.

உனக்குத் தெரியாதா, யாருக்கும் தெரியாதா?

"சிலருக்குப் பிறவியிலேயே அதை இழுத்துக்கற கதவு கொஞ்சம் வேற மாதிரி இருக்கலாம். ஆனா முழுசா யாருக்கும் தெரியாது அண்ணி" என்கிறாள்.

யாருக்கும் தெரியாது! கேட்டுக்கொண்டீர்களா? அப்படியானால், என் கண்ணே, அதை அப்படியே போட்டுவிட்டு நீ எங்கே போகிறாய்? அந்தக் கம்பெனியில் போய்க் கருவியை விற்கும்போது, வாங்குகிறவர் "இதை வைத்து என்ன கண்டுபிடிக்கலாம்?" என்று கேட்டால் என்ன சொல்வாய்? "என் அண்ணனுக்கு ஏன் அப்படி ஆயிற்று என்று கண்டுபிடிக்கலாம், ஆனால் நான் கண்டுபிடிக்கவில்லை" என்பாயா? இன்னொரு பேருந்தில் இன்னொரு நடத்துநர் இன்று படிக்கட்டில் நின்று விசில் ஊதிக்கொண்டிருக்கிறாரே, அவர் மனைவிக்கு யார் சொல்வார்கள்? நான் குழம்பலாம். எனக்கு அது உரிமை. நீ குழம்பினால் அந்தக் குழப்பத்தோடு அந்த மேசையில் போய் உட்கார வேண்டும், எழுந்து போகக் கூடாது!

கைதட்டல் போதும், கொஞ்சம் அமைதி. அங்கே ஊசிக்காரர் அண்ணன் காதில் என்ன சொல்கிறாள் பாருங்கள். என்ன பாப்பா? எனக்குக் கேட்கவில்லை. ஒலிவாங்கியில் சொல்லு.

"அந்த டிரைவர் அண்ணன் கொஞ்சம் ரத்தம் குடுப்பாரா அண்ணி?"

கொடுப்பார் பாப்பா, கொடுப்பார். நாளைக்கே நான் அழைத்து வருகிறேன். இயக்குநர் ஐயா, வழியனுப்ப என்னை அழைத்தீர்கள். அந்தக் காரியத்தை நான் செய்யவில்லை, பொறுத்தருள வேண்டும். வாங்கி வைத்திருக்கும் பரிசைக் கடையில் திருப்பி எடுத்துக்கொள்வார்களா என்று கேட்டுப் பாருங்கள். இவ்வளவு நேரம் என் குழப்பத்தைப் பொறுமையோடு சுமந்த உங்கள் ஒவ்வொருவருக்கும் என் நெஞ்சார்ந்த நன்றி. எல்லோரும் நலமாக வீடு போய்ச் சேருங்கள். வணக்கம்.